ஜகார்த்தாவில் ஒரு மாட்டை எழுப்பினேன்

எங்கள் பக்கம் பெண்ணுக்குத் தலைப்பிரசவம் என்றால் தாய் வீட்டில்தான். இது சட்டம் இல்லை, அதைவிடப் பெரியது. சட்டத்தை மீறினால் ஒரு போலீஸ்காரர் வருவார். இதை மீறினால் மொத்தத் தெருவும் வரும்.

என் மகள் தேன்மொழிக்கு ஏழு மாதம். அவள் இருந்தது ஜகார்த்தாவில், நாங்கள் இருந்தது திருவொற்றியூரில். ஆகவே அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வரும் வேலை என் தலையில் விழுந்தது. நான் காட்டுப்பள்ளிக்கும் மணலிக்கும் நடுவே கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்து, அதற்கு மேல் அந்த வகுப்புக்கே என்னைப் பிடிக்காமல் வெளியே வந்தவன். இந்தோனேஷியா என்றால் எனக்குத் தெரிந்தது நிலக்கரி. அங்கிருந்து கப்பலில் வரும், எண்ணூரில் இறங்கும், மாடியில் காயும் என் பனியனில் வந்து உட்காரும். அவ்வளவுதான் எனக்கும் அந்த நாட்டுக்கும் பழக்கம்.

மாப்பிள்ளை ஜெபராஜ் ராயபுரத்துக்காரர். அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் எந்தக் கன்டெய்னர் பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்று கம்ப்யூட்டரில் சொல்லும் வேலையில் இருந்தார் ஜெபராஜ். என் மகள் அங்கே கேட் பாஸ் அடிக்கும் வேலையில் இருந்தாள். பெட்டிகள் தத்தம் இடத்தில் உட்கார்ந்தனவோ இல்லையோ, இவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். கோயிலில் ஒரு தாலி, சர்ச்சில் ஒரு மோதிரம், அப்புறம் ஜகார்த்தா துறைமுகத்தில் வேலை.

மாப்பிள்ளை நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை, அவருக்கு எல்லாமே ரூல்படி நடக்க வேண்டும். பிரசவ விஷயத்தில் அவர் போனில் சொன்னது இதுதான்: "மாமா, மணலி காத்து, எண்ணூர் சாம்பல், இதுக்கு நடுவுல குழந்தையக் கொண்டுவந்து வைக்கணுமா? இங்க நல்ல ஆஸ்பத்திரி இருக்கு."

"அந்தக் கரியே உங்க ஊர்லர்ந்துதான் மாப்ள வருது" என்றேன். அவர் சிரிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கடைசியில் மகள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாங்கள் புதன்கிழமை போய்ச் சேர வேண்டும். திங்கட்கிழமை டாக்டர் பார்ப்பார். "விமானத்தில் போகலாம்" என்று அவர் லெட்டர் கொடுத்தால், அடுத்த புதன் மகளோடு கிளம்பலாம். லெட்டர் இல்லையென்றால் இல்லை.

என் மனைவி கஸ்தூரி கிளம்பும்போதே என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அங்க வந்து உன் கோமாளித்தனத்த காட்டாத. உன் வாயி ஒருக்கா தொறந்தா மாப்ள மனசு மாறிடும். பொண்ண கையில பிட்சிகினு கெளம்புற வரைக்கும் நீ ஊமை. புர்தா?"

"ஊமைன்னா சோறு கேக்கலாமா?"

"சைகைல கேளு."

ஜகார்த்தா விமான நிலையத்திலேயே ஊமைக்குச் சோதனை வந்தது. கஸ்தூரி, மகளுக்காகக் காசிமேட்டிலிருந்து வஞ்சிரம் கருவாடு வாங்கி, எட்டு கவரில் சுற்றி, என் பெட்டியில் வைத்திருந்தாள். என் பெட்டியில் வைத்ததற்குக் காரணம் கேட்டபோது, "மாட்னா நீ மாட்டு" என்றாள். மாட்டினேன். தொப்பி போட்ட அதிகாரி எட்டு கவரையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். கருவாட்டைக் கையில் எடுத்து, மார்க் ஷீட்டைப் பார்ப்பது மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மோந்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் மோந்தார். இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் ஏதோ பேசி, என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

"இன்னாய்யா சொன்னாங்க?" என்றாள் கஸ்தூரி.

"வாசனை நல்லாகீதாம், கொழம்பு வச்சா கூப்பிட சொல்றாங்க."

மறுநாள் மாப்பிள்ளை எங்களை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு தெரு முழுக்கக் கருவாடு. நெத்திலி, காரை, வாளை, பெயர் தெரியாததெல்லாம் மலை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். ஈ ஓட்டும் விதம்கூட நம்ம ஊர் மாதிரிதான். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட ஒரு கடை. நாற்காலியில் உட்கார்ந்ததும், நாங்கள் வாயைத் திறப்பதற்குள், ஒரு ஆள் இடது கையில் தோள் வரைக்கும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தார். பதினாறு தட்டு. கோழி, மீன், மாட்டுக்கறி, ஈரல், முட்டை, கீரை, பலாக்காய் எல்லாம் எங்கள் மேஜையில். மாப்பிள்ளை கை கழுவப் போயிருந்தார். நான் இது சம்பந்தி வீட்டு விருந்து மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். இலையில் வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று வரிசையாக முடித்துக்கொண்டே வந்தேன். மாட்டுக்கறி தொக்கு புளியந்தோப்பில் நான் சாப்பிடும் கடையைவிட ஒரு படி மேலே. மாப்பிள்ளை திரும்பி வந்தபோது பதினொரு தட்டு காலி.

"மாமா, இங்க எல்லாத்தையும் கொண்டாந்து வைப்பாங்க. வேணுங்கிறத மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பிடணும்."

"மிச்சம் அஞ்சு கீது மாப்ள, அனுப்பிடலாம்."

தேன்மொழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஜகார்த்தாவில் வண்டி ஓட்டுவது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், அது என் தொழில். நெரிசல் நம்ம ஊரைப் போல மூன்று மடங்கு. ஆனால் யாரும் ஹாரன் அடிப்பதில்லை, கண்ணாடியை இறக்கித் திட்டுவதில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வரிசை இவ்வளவு நேரம் நின்றால், அதற்குள் நான்கு பேரின் ஏழு தலைமுறையை விசாரித்திருப்போம். இங்கே போனைப் பார்த்துக்கொண்டு சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு திருப்பத்தில், ஐம்பது வயசு இருக்கும் ஒரு ஆள், விசில் ஊதிக்கொண்டு, கையைக் காட்டி வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். காக்கி இல்லை, காலில் ரப்பர் செருப்பு.

"அவர் போலீஸ் இல்ல மாமா. அவரா வந்து நிக்கிறவர். வண்டிக்காரங்க சில்லறை குடுப்பாங்க. ரூல்படி தப்பு" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. எங்கள் லைனிலும் அப்படித்தான். துறைமுக கேட்டுக்கு முன்னால் டிரெய்லர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டால், முதலில் துண்டை உதறிக்கொண்டு இறங்குகிற டிரைவர்தான் அன்றைக்கு டிராஃபிக் இன்ஸ்பெக்டர். இருபது வருஷமாக நான் பலமுறை அந்தப் பதவியில் இருந்திருக்கிறேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலை அதுதான் என்று கஸ்தூரியே ஒப்புக்கொள்வாள். அவளை வண்டியில் உட்கார வைத்து நான் ஓட்டினால் மட்டும் கத்துவாள்.

சனிக்கிழமை, சமையலறையில் தேன்மொழி மெதுவாகச் சொன்னாள்.

"நைனா, நாலு நாளா நீ நல்லா நடிக்கிற. மண்டே லெட்டர் வந்துட்சினா நான் உங்கூட வந்துடுவேன். எனக்கு நம்ம தெரு வோணும். அம்மா பக்கத்துல படுக்கணும். நீ இன்னும் ரெண்டு நாளு ஒயுங்கா இரு, போதும்."

"நான் இன்னா பண்ணேன், கம்முனு தானே கீறேன்."

"அதான் பயமாகீது."

மறுநாள் ஞாயிறு. "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கீங்களே" என்று மாப்பிள்ளையே மிருகக்காட்சி சாலைக்குக் கிளப்பினார். அதில் அவருக்கு ஒரு யோசனை இருந்தது. அங்கே நடக்க வேண்டியதில்லை. நம் காரிலேயே உட்கார்ந்தபடி உள்ளே போகலாம், சிங்கம் புலி எல்லாம் வெளியே திரியும், நாம் கூண்டுக்குள்ளே. மகளுக்குக் கால் வலிக்காது. நானும் அது நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

மலைப்பாதை. வழியெல்லாம் கேரட் விற்றுக்கொண்டிருந்தார்கள். இலையோடு கட்டுக் கட்டாகத் தோரணம் மாதிரி தொங்கியது. மிருகங்களுக்குக் கொடுப்பதற்காம். கஸ்தூரி இரண்டு கட்டு வாங்கினாள். அதில் நாலைந்தை உடைத்து என் பேன்ட் பின்பாக்கெட்டில் செருகினாள், கட்டு மடியில் இடிக்கிறது என்று.

வாசலில் பெரிய பலகை. மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்துத் தமிழில் சொன்னார். கதவைப் பூட்டி வைக்க வேண்டும். ஹாரன் கூடாது. எது வழி மறித்தாலும் ஊழியர் வரும் வரை காத்திருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. கடைசி வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மாமா, இறங்கக் கூடாது" என்று தனியாக ஒருமுறை சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஊமை அல்லவா.

முதலில் புல் தின்கிற கூட்டம். அங்கே எல்லோரும் கண்ணாடியை நாலு விரல் இறக்கிக் கேரட் நீட்டினார்கள். மகள் கெஞ்சியதால் மாப்பிள்ளையும் நாலு விரல் இறக்கினார், அளந்து பார்த்துத்தான் இறக்கியிருப்பார். ஒட்டகம் ஒன்று அந்த நாலு விரல் சந்தில் உதட்டை மட்டும் உள்ளே அனுப்பி, கேரட்டை வாங்கிக்கொண்டு, என் வெள்ளைச் சட்டையில் பாதியைத் துப்பியது. வரிக்குதிரை வந்தது.

"கய்தைக்கு யாரோ பெயின்ட் அட்சிகீறாங்க" என்றாள் கஸ்தூரி.

ஒட்டகச்சிவிங்கி மேலே இருந்து கழுத்தை இறக்கியபோது, கிரேன் வந்து பெட்டி தூக்குவது மாதிரியே இருந்தது. நான் பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கைத் தேடினேன். நீர்யானை வாயைத் திறந்தது, குப்பை லாரியின் பின்கதவேதான். அந்த அரை மணி நேரம் நாங்கள் நாலு பேரும் சண்டையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளைகூட, "இந்தப் பக்கம் பாருங்க அத்தை" என்று கஸ்தூரிக்கு மான் காட்டினார்.

அப்புறம் வரிசை நின்றது.

எட்டி எட்டிப் பார்த்தோம். ஐந்து வண்டிக்கு முன்னால், பாதையின் குறுக்கே, ஒரு மாடு படுத்திருந்தது. செவலை நிறம். கொம்பு ஒவ்வொன்றும் என் தொடை கனத்துக்கு, இந்தப் பக்க மரத்திலிருந்து அந்தப் பக்க மரம் வரைக்கும். ஆனால் படுத்திருந்த தோரணை எனக்கு நன்றாகத் தெரியும். திருவொற்றியூர் மார்க்கெட் வாசலில், காலை எட்டு மணிக்கு, பஸ்ஸுக்கு முன்னால் படுக்கிற மாடு அப்படித்தான் அசை போடும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஊழியர்களின் ஜீப் வரிசையின் கடைசியில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். தேன்மொழி நெளிய ஆரம்பித்தாள்.

"ஜெபா, எனக்கு அவசரமா போவணும்."

"பாத்ரூம் கடைசில, வெளிய போற வாசல்லதான் இருக்கு. இன்னும் அஞ்சு நிமிஷம்."

"நான் குடுக்கிறேன் அஞ்சு நிமிஷம், உள்ள கீறது குடுக்கணுமே. மேல ஏறி உக்காந்துகினு அமுக்குது."

இருபது நிமிஷம். அவள் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ரூல் மாமா, ஊழியர் வருவாங்க" என்றார். என்னிடம் சொன்னாரா அவருக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

நாலு நாள் நல்லவனாக இருந்தவன், கதவைத் திறந்தேன். கஸ்தூரி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தாள்.

"யோவ், எங்க போற?"

"அத்த எயுப்பிட்டு வந்துடறேன். ரெண்டு நிமிஷம்."

"அதுக்கு கொம்பு கீதுய்யா."

"அது முன்னாடி கீது. நான் பின்னாடி போறேன்."

துண்டை உதறி இறங்கினேன். எல்லா வண்டியிலிருந்தும் கண்கள், கண்களைவிட அதிகமாக போன்கள். என் பழக்கப்படி மாட்டின் பின்பக்கமாகச் சுற்றிப் போய், வாலின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி, "தா... ஏய்ந்திரு... தா" என்றேன். மாடு திரும்பி என்னைப் பார்த்தது. அதற்குத் தமிழ் தெரியவில்லை. ஆனால் வால் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பெருமூச்சு விட்டு எழுந்தது.

எழுந்த பிறகுதான் அதன் உயரம் தெரிந்தது. அது நின்றால் நான் அதன் வயிற்றடியில் நிழலுக்கு ஒதுங்கலாம். ஆனால் நகர்ந்து ஓரமாகப் போய்விட்டது. பாதை திறந்தது. அங்கேயே நான் வண்டிக்குத் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரை இதோடு முடிந்திருக்கும். வரிசையைப் பார்த்ததும் கை தானாக எழுந்துவிட்டது. "வா வா வா, லெஃப்ட்ல ஒடி, ஒடி, வுடு" என்று துண்டை வீசி வண்டிகளை அனுப்ப ஆரம்பித்தேன். முதல் வண்டி போனது. இரண்டாவது வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி என் கையில் ஒரு சில்லறையை வைத்துவிட்டுப் போனார். இருபது வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த முதல் சம்பளம்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் பின்பக்கம் சூடான மூச்சு பட்டது. பேன்ட் பாக்கெட்டில் கேரட். மாடு தேடி வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஒட்டகம் இரண்டு. அதற்குப் பின்னால் யார் யாரென்று நான் எண்ணவில்லை.

ஓடினேன். எங்கள் வெள்ளை வண்டி. கதவைத் திறந்தேன், விழுந்தேன், சாத்தினேன்.

"ஓட்டுங்க மாப்ள" என்றேன்.

மாப்பிள்ளை மீசை வளர்த்திருந்தார். குண்டாகவும் ஆகியிருந்தார். பக்கத்தில் தலையில் துணி கட்டிய ஒரு அம்மா, மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் குடும்பத்துக்கு ஒரு வண்டி, எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே கம்பெனி. என் வண்டி இரண்டு வண்டி பின்னால் நின்றது.

இரண்டு கையையும் கூப்பினேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், ஜன்னலில் உரசிக்கொண்டிருந்த கொம்பைப் பார்த்தார், எட்டி என் பக்கத்துக் கதவை அவரே பூட்டினார். அவர் கணவரிடம் ஏதோ சொன்னார். பாஷை தெரியாவிட்டாலும் தெரிந்தது: "பாவம், ஓட்டுங்க." வண்டி கிளம்பியது. அடுத்த இரும்புக் கதவு திறந்தது, நாங்கள் உள்ளே போனதும் பின்னால் மூடியது. அதற்கு மேல் இறங்கவே முடியாது. சிங்கங்கள்.

ஆக, சிங்கத்தை நான் பார்த்தது முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பின் சீட்டிலிருந்து. அந்த மனுஷர் என்னிடம் "ஹாத்தி, ஹாத்தி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் பக்கத்து பாய்மார் ஹாத்தி என்றால் யானையைச் சொல்வார்கள். சிங்கங்களுக்கு நடுவில் யானையை வெகுநேரம் தேடினேன். பத்திரமாக இரு என்று சொல்லியிருக்கிறார், மாப்பிள்ளை பிறகு சொன்னார். அந்த அம்மா எனக்கு ஒரு இலையில் சோறும் அவித்த முட்டையும் வைத்துக் கொடுத்து, மேலே பெரிய இறால் அப்பளம் ஒன்றையும் வைத்தார். வேண்டாம் என்று சைகை காட்டத் தெரியவில்லை, வேண்டும் என்பதற்குத்தான் பழகியிருந்தேன். சிங்கம் வண்டிக்கு இரண்டடியில் படுத்திருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நான் அப்பளத்தைக் கடித்தேன். அந்த அமைதியில் அது பட்டாசு மாதிரி கேட்டது. சிங்கம் தலையைத் தூக்கி என்னை மட்டும் பார்த்தது. மிச்சத்தை வாயிலேயே ஊற வைத்துக்கொண்டு புலி, கரடி எல்லாவற்றையும் கடந்தேன்.

வெளி வாசலில் நான்கு ஊழியர்கள் காத்திருந்தார்கள். அந்த அம்மா இறங்கி எனக்காக அவர்களிடம் கொஞ்சம் வாதாடினார் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் என்னை ஒரு சுவரோரம் நிற்க வைத்து நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று போட்டோ எடுத்தார்கள். இனி என் ஜென்மத்தில் அந்த வாசலுக்குள் நுழையக் கூடாதாம். மாப்பிள்ளை வந்து இறங்கினார். அவர்கள் நீட்டிய தாளில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, மூன்று பேரிடம் தனித்தனியாகக் குனிந்து மன்னிப்பு கேட்டார். ரூல் மீறாத மனுஷர் எனக்காகக் குனிந்ததைப் பார்த்தபோது, மாடே குத்தியிருக்கலாம் என்று இருந்தது.

தேன்மொழி பாத்ரூமிலிருந்து கஸ்தூரியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள். பின்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"நைனா, நீ கதவ தொறந்து ஏறுன பாரு... அந்தம்மா மூஞ்சி... இன்னா, சோறு வேற போட்டாங்களா?"

"முட்டையும் போட்டாங்க."

அவள் குனிந்து குனிந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர். அப்புறம் சிரிப்பு நின்றது. கை மட்டும் வயிற்றில் இருந்தது.

"நைனா, வவுறு கல்லு மாரி ஆவுது."

கஸ்தூரி கையை வைத்துப் பார்த்தாள். விட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்ப இறுகியது. மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். அன்றைக்கு அவர் ஹாரன் அடித்தார், மலைப்பாதை முழுக்க. பழக்கமில்லாததால் எங்கே அடிக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் எல்லா இடத்திலும் அடித்தார். ஓரிடத்தில் வண்டிகள் அசையவே இல்லை. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இறங்குங்க மாமா" என்றார்.

இறங்கி வழி பண்ணிவிட்டு ஏறினேன். இந்த முறை சரியான வண்டியில்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு மணி நேரம் மெஷினை மாட்டிப் பார்த்தார். பொய் வலிதான், குழந்தை நன்றாக இருக்கிறது, பயமில்லை. எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அப்புறம் அவர் தொடர்ந்து சொல்ல, மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்: ஓய்வு வேண்டும். படி ஏறக் கூடாது. இந்த மாதிரி வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கக் கூடாது. விமானத்துக்கு லெட்டர் தர முடியாது. இப்போதும் இல்லை, பிறகும் இல்லை.

வராந்தாவில் மாப்பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாப்ள, எல்லாம் என்னாலதான்."

"ஆமா மாமா" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அப்புறம், "இருபது நிமிஷம் அவ அழுதா. நான் ரூல் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க இறங்கினதும் 'எங்க நைனா எறங்கிட்டாரு, பாத்தியா'ன்னு என் தோள்ல அடிச்சா. இன்னும் வலிக்குது" என்று சட்டையைத் தடவிக்கொண்டார்.

உள்ளே கஸ்தூரி ஏற்கனவே முடிவெடுத்திருந்தாள். மகளின் தலைமாட்டில் தன் பையை வைத்துவிட்டிருந்தாள்.

"நீ கெளம்பு. வண்டிய எத்தினி நாளு நிறுத்தி வைப்ப? நான் இருந்து பார்த்துக்கினு வரேன். விசாவ நீட்டிக்கலாம்னு மாப்ள சொல்ட்டாரு."

"அப்ப பிரசவம் தாய் வூட்லன்னு..."

"தாய் எங்க கீறாளோ அதான்யா தாய் வூடு. நான் இங்க கீறேன்."

"அப்ப நம்ம வூடு?"

"அது உன் வூடு. கேஸ மூடிட்டு படு."

தேன்மொழி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். புதன்கிழமை கிளம்பினேன். ஒருத்தியை அழைத்து வரப் போய், கையில் இருந்த ஒருத்தியையும் விட்டுவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை ஆட்டோ தெருவில் திரும்பியது. ஊரில் யாருக்கும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, மாடு, முட்டை என்று எங்கே ஆரம்பிப்பது. வாசலில் கோலம். எதிர் வீட்டு சரோஜா ஆரத்தித் தட்டோடு நின்றாள், பின்னால் ஏழெட்டுப் பெண்கள். பிள்ளைத்தாய்ச்சி வரும் நாளும் நேரமும் கஸ்தூரி எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். நான் இறங்கினேன். அவர்கள் எனக்குப் பின்னால் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். என் பெட்டி இருந்தது.

"பொண்ணு எங்கய்யா?"

"அங்கதான் கீது. நல்லாகீது."

"கஸ்தூரி?"

"அதுவும் அங்கதான்."

சரோஜா தட்டைப் பார்த்தாள். மஞ்சள் சுண்ணாம்பு கரைத்த செந்நீர், மேலே வெற்றிலையில் கற்பூரம். என் சட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்த தொப்பையைப் பார்த்தாள்.

"கரைச்சது கரைச்சாச்சு, கீய ஊத்த முடியுமா. உனுக்கும் ஏழு மாசம் மாரிதான் கீது. கெயக்கால பார்த்து நில்லு."

நின்றேன். பெண்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு மூன்று சுற்று சுற்றினார்கள். நெற்றியில் பெரிய பொட்டு. ஒருத்தி மகளுக்கென்று வாங்கிய கண்ணாடி வளையலை என் கையில் திணித்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது, வீடியோ. தேன்மொழி. எடுத்துவிட்டேன்.

அவள் என் நெற்றியைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், பின்னால் சரோஜா கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"நைனா, இன்னாது இது? உனக்கா சுத்துறாங்க?"

உதடு துடிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"சிரிக்காதம்மா. டாக்டரம்மா சொன்னாங்கல்ல. சிரிக்காத."

பின்னால் கஸ்தூரி, "போன வைய்யா, வவுத்த பிட்சிகினு உருளுது" என்று கத்தினாள். மகள் நிறுத்துவதாக இல்லை. ஒன்பது நாளில் எனக்கு வேண்டியிருந்தது அந்த முகம் ஒன்றுதான். போனை அணைத்தேன்.